ஆறவிட்ட கஞ்சி

முந்தல் ரோட்டுப் பக்கம் யார் வீட்டுக் கோழி எத்தனை முட்டை இட்டது என்பது கோழிக்காரர்களுக்கு முன்னால் சந்திரவல்லிக்குத் தெரிந்துவிடும். அவள் வீட்டில் கோழிப்பண்ணை எல்லாம் கிடையாது. ஒரே ஒரு சேவல் உண்டு. அதுவும் கிழடு, ஊரெல்லாம் எழுந்து பல் விளக்கி முடித்த பிறகு கூவும். ஆனால் அவள் கொல்லைக்கும் வேலுத்தாயின் கோழிக் கொட்டகைக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி இருந்தது. வேலியில் கண்ணை வைத்துப் பார்க்கத் தோதாக ஒரு சந்தும் இருந்தது. ஆடு நுழைந்து விழுந்த சந்து என்று சந்திரவல்லி சொல்வாள். ஆள் மூஞ்சி உயரத்தில் நுழைகிற ஆட்டை அந்தத் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை.

எண்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை முடிந்து, போடிமெட்டுக்கு மேலே மேகம் ஈரத்துணி மாதிரி இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்த சமயம். சந்து வழியாகப் பார்க்க நிறைய இருந்தது. வேலுத்தாயின் கோழிகளுக்கு வயிறு சரியில்லை.

வேலுத்தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். கொண்டவன் காசிமாயன் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூடை தூக்குகிறவன். கை வலுத்தவன், நெஞ்சு இளைத்தவன். அவன் கூலியில் கஞ்சி குடிக்கலாம், கூரை மாற்ற முடியாது. அதனால் வேலுத்தாய் மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனாள். மழையிலும் அட்டைக்கடியிலும் காய் எடுத்தாள். பிறகு ஸ்டோரில் காய் உலர்த்துகிற அறையில் வேலை. அங்கேயே கூலியாட்களின் லயத்தில் தங்கல். மாசத்துக்கு ஒருமுறை ஜீப்பில் இறங்கி வந்து மகள் பொன்னுமணிக்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டிவிட்டு மறுநாள் விடியுமுன் ஏறிவிடுவாள். நடுவில் இருக்கிற நாளெல்லாம் பொன்னுமணி சாப்பிட்டது, தூங்கியது, பேன் பார்த்துக்கொண்டது எல்லாம் சந்திரவல்லி வீட்டில்தான். சந்திரவல்லியின் மகன்கள் இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் ஒட்டிக்கொண்டார்கள். சோற்றுப்பானையில் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான் என்று அவள் சொல்வாள்.

ஒரு தடவை வேலுத்தாய் இறங்கி வந்தபோது, பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுச் சந்திரவல்லியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வேலுத்தாய் வாங்கி வந்த மிட்டாயை அம்மியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்த வருஷக் காய் எடுப்பு முடிந்ததும் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மலையைவிட்டு இறங்கியவள், சேர்த்த காசை எல்லாம் போட்டுக் கொட்டகை கட்டினாள். இருநூறு சொச்சம் வெள்ளைக் கோழி. முட்டையை ஜீப்புக்காரர்கள் பூப்பாறை டீக்கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். ‘இனி மலையேறுனா என் பேரு வேலுத்தாய் இல்ல’ என்று அப்போது சொன்னது தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சந்திரவல்லி தெரியப்படுத்தியிருந்தாள்.

மூன்று வருஷம் கோழிகள் ஒழுங்காகத்தான் இட்டன. பிறகு கடலைப் புண்ணாக்கு விலை ஏறியது. சாதாரணமாக ஏறவில்லை, முந்தல் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. கோழிக்காரர்கள் ஆளுக்கொரு புண்ணாக்கைத் தேடி அலைந்தார்கள். போடியில் மலிவாகக் கிடைப்பது இலவங்கொட்டைப் புண்ணாக்கு. பஞ்சுக்காரர்கள் தள்ளிவிடுகிற கொட்டையை ஆட்டியது. பொட்டிபுரத்துக்காரர் ஒருத்தர் அதைப் போட்டுப் பார்த்தார். முட்டை வெளியே பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. பத்து நாள் வைத்திருந்து உடைத்தால் வெள்ளைக்கரு ரோஸ் பவுடர் போட்ட மூஞ்சி மாதிரி சிவந்து கிடந்தது. மலையாளத்து வியாபாரி ஒரு தட்டை அவர் வாசலிலேயே உடைத்துக் காட்டிவிட்டுப் போனானாம். அந்தக் கதையைக் கேட்டுப் பயந்து காசிமாயன் தேனியிலிருந்து சூரியகாந்திப் புண்ணாக்கு இறக்கினான். கறுப்பும் வெள்ளையுமாக உமியோடு ஆட்டிய புண்ணாக்கு. தெருக்கோடியில் பண்ணை வைத்திருக்கிற சின்னமுத்துவும் அதே லோடில் பாதியை வாங்கிக்கொண்டான்.

அதிலிருந்துதான் வினை. கோழி எச்சம் பசையாக ஒட்ட ஆரம்பித்தது. கோழிகளின் பின்பக்கச் சிறகெல்லாம் கட்டி கட்டியாக உறைந்து, கொட்டகைத் தரை சொதசொதவென்று ஆகி, உள்ளே போனால் கண் எரிந்தது. இட்ட முட்டையும் அழுக்கு அப்பிக்கொண்டு வந்தது. பிறகு முட்டையே குறைந்தது. தீனியில் பாதி தின்றபடியே வெளியே வருகிறது என்று வேலுத்தாய் ஒரு குச்சியால் கிண்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அதை வேலிச்சந்து வழியாகச் சந்திரவல்லியும் உறுதி செய்துகொண்டாள்.

கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் சாயங்காலம் காசிமாயன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தபடி சொன்னதைச் சந்திரவல்லி வேலிக்கு இந்தப் பக்கம் வார்த்தை சிந்தாமல் கேட்டாள்.

“தை பொறக்கட்டும். ராக்கையா ஜீப்பு எடுத்துட்டு வருவாரு. கோழியைப் புரோட்டாக் கடைக்குத் தள்ளிவிட்டுட்டு நீ ஏறிரு. அவர்கிட்ட சொல்லிவச்சுட்டேன்.”

ராக்கையா தோட்டத்துக் கங்காணி. பெண்ணாட்களைச் சேர்த்து மலைக்கு ஏற்றிப் போவது அவர் சோலி.

“யாரைக் கேட்டுச் சொன்னீக?”

“கேக்க என்னா இருக்கு? கோழி இடலைன்னா நாமளா முட்டை இட முடியும்?”

வேலுத்தாய் கொட்டகைக்குள் போனாள். மண்வெட்டி தரையைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

அந்த வாரமே தேனி தீவனக் கடையிலிருந்து பால்பாண்டி தன் லூனாவில் வந்து இறங்கினான். தேவாரத்துப் பையன், காசிமாயனுக்கு மாப்பிள்ளை முறை. கொஞ்சம் படித்தவன், படித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறவன். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். தவிட்டு நிறத்தில் பொடி. சந்திரவல்லி அந்த நேரம் பார்த்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்க வந்தாள். அவள் கொல்லையில் கறிவேப்பிலை மரமே நின்றது.

“இது என்னா தம்பி, பேதி மருந்தா?”

“என்சைம்க்கா.”

“அப்படின்னா?”

“புண்ணாக்குல சத்து இருக்கு. ஆனா உமிக்குள்ள பூட்டிக் கெடக்கு. கோழி வயித்துக்கு அதைத் தெறக்கத் தெரியாது. இதைக் கலந்து போட்டா இது தெறந்துவிடும். எச்சம் இறுகும், முட்டை கூடும்.”

“எதுல செய்யுறாக?”

பால்பாண்டி கொஞ்சம் தயங்கினான். “ஒரு மாதிரி பூசணத்துல இருந்து எடுக்குறது.”

“பூசணம் புடிச்சா நாங்க குப்பையில கொட்டுவோம். நீங்க பொட்டலம் கட்டி விக்கிறீக” என்றாள் சந்திரவல்லி. உயிர் உள்ள பொருளா, இல்லாத பொருளா என்று அடுத்து கேட்டாள். உயிரில்லை, ஆனால் உயிருள்ளது மாதிரி வேலை பார்க்கும் என்று அவன் சொன்னான். கோழி வயிற்றுக்குள் போய் வேலை முடிந்ததும் அது எங்கே போகும் என்று கேட்டாள். அவன் லூனாவை மிதித்து ஸ்டார்ட் பண்ணினான். தீவனத்தில் கலந்து போடுங்கள் என்று வேலுத்தாயிடம் சொல்லிவிட்டு, சின்னமுத்துவுக்கும் ஒரு பொட்டலம் கொடுக்கப் போய்விட்டான்.

தீவனத்தில் கலப்பது எப்படி என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. மற்ற ஊர்களில் கோழித் தீவனத்தை உலர்ந்தபடியே தொட்டியில் கொட்டுவார்கள். வேலுத்தாய் அப்படி இல்லை. மலையில் அத்தனை வருஷம் இருந்தவளுக்குப் பச்சைத் தண்ணீர் என்றாலே பகை. ஓடைத் தண்ணீரைக் குடித்து லயத்தில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்ததைப் பார்த்தவள். எதையும் தளதளவென்று கொதிக்கவைக்காமல் வாய்க்குக் கொண்டுபோகமாட்டாள். தண்ணீரைக்கூட மலையாளத்துக்காரி மாதிரி வெள்ளம் என்பாள். குளிர் இறங்குகிற மாசங்களில் கோழிகளுக்கும் அதே கவனிப்புத்தான். நொய்யரிசிக் கஞ்சி காய்ச்சி, கொதிக்கக் கொதிக்கத் தீவனத்தின் மேல் ஊற்றி, துடுப்பால் கிண்டி, ஆவி அடங்கியதும் வைப்பாள். கோழியும் ஒரு உயிர்தானே, குளிரில் வெறும் மாவைத் தின்றால் வயிறு இழுத்துக்கொள்ளாதா என்பது அவள் கட்சி.

இப்போது மருந்துப் பொடி வேறு வந்திருக்கிறது. மருந்து என்றால் காய்ச்சித்தானே கொடுக்கவேண்டும்? அவள் அந்தப் பொடியைக் கஞ்சி கொதித்துப் பொங்கும்போது பானையில் தூவி, கட்டி தட்டாமல் கரைத்து, பயபக்தியாக இறக்கினாள்.

கோழிகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எச்சம் முன்போலவே ஒட்டியது.

தெருவில் அதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. சின்னமுத்துவின் கோழிகள் தேறிவிட்டன. அதே லோடு புண்ணாக்கு, அதே பொடி. அவனைப் போலச் சோம்பேறி அந்த வட்டாரத்தில் கிடையாது. தீவனத்தைக் காலால் புரட்டிக் கலந்து தொட்டியில் கொட்டிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்வான். அவன் கொட்டகைத் தரை அரிசி காயப்போடலாம் போல உலர்ந்து கிடந்தது. விடியுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சுகிறவள் தரை மட்டும் சேறு. தெரு இதை இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. கண்ணு பட்டிருக்கிறது. யார் கண்? அதற்கு யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க வேலிச்சந்தில் வைத்திருக்கிற கண் ஒன்றுதான் இருந்தது.

காசிமாயன் அடுத்த நாள் சந்தில் ஒரு கட்டு இலந்தை முள்ளை வைத்து அடைத்தான். சந்திரவல்லியிடம் ஆடு நுழைகிறது என்றான்.

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. தன் கண்ணைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. நாக்கைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். அது மட்டுமா, வேலி அடைபட்டுப் போனதால் கோழிகளுக்கு இன்றைக்கு என்ன ஆனது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொடி ஒரே பொடி. அங்கே வேலை செய்கிறது, இங்கே செய்யவில்லை. அது எப்படி? வேலுத்தாய் குழாயடிக்குப் போயிருந்த நேரம், உப்புக் கேட்க என்று உள்ளே போனாள். கேட்க ஆளில்லாததால் உப்பை எடுக்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு கைப் பொடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தாள். புளித்த மாவும் பழைய மூடையும் கலந்த வாடை. நாக்கில் வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கிழட்டுச் சேவலுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று, மத்தியானத்துக்குக் கிண்டி ஆறவைத்திருந்த கேப்பைக்கூழில் ஒரு கும்பா எடுத்து, இன்னும் கைச்சூடு இருக்கிறபோதே ஒரு சிட்டிகை தூவிக் கலக்கிவைத்தாள். கரண்டியை நட்டால் நிற்கிற கூழ். சேவலைத் தேடிக்கொண்டு தெருவுக்குப் போனாள். தெருவுக்குப் போனால் உடனே திரும்ப முடியுமா? நாலு வீட்டுச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்தபோது அவள் புருஷன் சின்னச்சாமி கும்பாவைக் கவிழ்த்துவைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னா இன்னைக்குக் கூழு மோரு மாதிரி இருந்துச்சு? வழுக்கிக்கிட்டுப் போகுது. கருப்பட்டி போட்டியாக்கும்?”

சந்திரவல்லி கும்பாவை நிமிர்த்திப் பார்த்தாள். கோழி மருந்தைப் புருஷனுக்குக் கொடுத்தவள் என்ற பேரோடு ஊரில் எப்படி நடமாடுவது? அன்று முழுக்க அவனைவிட்டு நகரவில்லை. வயிறு முறுக்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக் கேட்டு விசிறினாள். இருபத்தெட்டு வருஷமாகக் கிடைக்காத கவனிப்பு திடீரென்று எங்கிருந்து வந்தது என்று அவன் திகைத்துப்போய்ப் படுத்திருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் அதே மாதிரிக் கூழ் வேண்டும் என்றான்.

ஆக, புருஷன் பிழைத்துவிட்டான். கேள்வி பாக்கி இருந்தது. கரண்டி நிற்கிற கூழ் எப்படி மோரானது? போடாத கருப்பட்டியின் இனிப்பு எங்கிருந்து வந்தது? மறுநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து மறுபடி கிண்டினாள். அவசரம் வேறு, கூழ் அடுப்பில் புடபுடவென்று கொதிக்கிறபோதே பொடியைத் தூவி இறக்கிவைத்துவிட்டு, பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூழ் அசையவில்லை. ஆறியபின் தோசைக்கல் மாதிரி இறுகி ஆடை கட்டிக்கொண்டது. பொடி பழசாகிவிட்டதோ? இன்னொரு தடவை கிண்டி, கும்பாவில் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டுத் தூவினாள். ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கரண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கூழ் நீர்த்து ஓடியது. விரலால் தொட்டு, ஒருவழியாக நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். இனித்தது.

சந்திரவல்லி அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் வேலுத்தாய் தினமும் பொங்குகிற பானைக்குள் பொடி தூவுவது அவள் கண்முன் வந்தது. வேலி அடைக்கிறதுக்கு முன்னால் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்.

இப்படி ஒரு செய்தி கிடைத்தால் அவள் கால் தரையில் நிற்காது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முள்ளு வைத்து அடைத்தார்களே, இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை இல்லை. வேலுத்தாய் மலையேறினால் பொன்னுமணி எங்கே சாப்பிடுவாள்? இந்த வீட்டில்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு அவித்துவைக்கக் கிழங்கு வாங்கலாம். பின்னல் போடலாம். இதையெல்லாம் அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. எல்லார் வீட்டுப் பேச்சையும் சுமக்கிற வாயில் அந்த ஒன்று மட்டும் வரவே வராது.

இரண்டாம் நாள் பொன்னுமணியே வந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, உயரமாக வளர்ந்துவிட்டது. வாசற்படியில் நின்று பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு கேட்டாள்.

“அத்தை, அம்மா மேல போயிருச்சுன்னா நான் இங்கதான சாப்பிடணும்?”

“வேற எங்க சாப்பிடுவ?”

“அம்மா பழைய கம்பளியை எடுத்து வெயில்ல போட்டிருக்கு” என்றாள் பொன்னுமணி. “மோந்து பாத்தேன். இன்னும் ஏலக்கா வாசம் அடிக்குது. எனக்கு அந்த வாசமே புடிக்கல.”

பிள்ளை போனபிறகு சந்திரவல்லி கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். முள்ளுக்கட்டுக்கு மேலேயே கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. ஓரமெல்லாம் அட்டை கடித்த ரத்தம் கறுத்துப் படிந்திருந்தது. துவைத்தும் போகாத கறை. சற்றுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இரண்டு கும்பாவையும் தூக்கிக்கொண்டு அவள் போனபோது வேலுத்தாய் கொட்டகையில் ஒரு கோழியை மடியில் வைத்து அதன் பின்பக்கத்து ஒட்டலை வெந்நீரால் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“இது ரெண்டும் ஒரே பானைக் கூழு, வேலு. ரெண்டுலயும் கெடக்குறது உன் பொடிதான்.”

“எம் பொடி உனக்கு எப்படி மதினி வந்துச்சு?”

“அதைப் பெறகு கேளு. இதைப் பாரு மொதல்ல.”

வேலுத்தாய் கோழியை இறக்கிவிட்டு ஒரு கும்பாவைச் சாய்த்தாள். கூழ் அசையவில்லை. இன்னொன்றைச் சாய்த்தாள். மோர் மாதிரி விளிம்புக்கு ஓடி வந்தது.

“இது கொதிக்கையில போட்டது” என்றாள் சந்திரவல்லி. “அது கை பொறுக்குற சூட்டுல போட்டது. நாலு தடவை செஞ்சு பாத்துட்டேன். உங்க அண்ணன் வேற குடிச்சுப் பாத்துட்டாரு. கொதியில போட்டா அந்தப் பொடி செத்துப் போகுது தாயி. வேற ஒண்ணும் இல்ல. எங் கண்ணும் இல்ல.”

வேலுத்தாய் தன் வலதுகைப் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சந்திரவல்லிக்கு அது ஏன் என்று புரியவில்லை. ஸ்டோரில் காய் உலர்த்துகிற அறையில் அந்தப் புறங்கைதான் அவள் சோறு. அடுப்பு மூட்டிய அறைக்குள் போய்த் தட்டுகளுக்கு மேல் புறங்கையை நீட்டிப் பார்ப்பாள். சூடு ஒரு பிடி கூடினாலும் காய் பச்சை வெளுத்து வெடித்துவிடும், விலை போகாது. விறகை இழு என்பாள், தள்ளு என்பாள். அவள் இருந்த வருஷங்களில் ஒரு தட்டுக் காய்கூடத் தீயவில்லை.

“காயைத் தீச்சா மொதலாளி வெரட்டிருவான்னு பயந்து பயந்து பாத்தேன் மதினி” என்றாள் மெதுவாக. “இங்க தினம் தினம் நானே தீச்சிருக்கேன். அதுவும் நல்லாக் கரையட்டும், நல்லாக் கரையட்டும்னு நின்னு கிண்டிக் கிண்டித் தீச்சிருக்கேன்.”

அழுவாள் என்று சந்திரவல்லி எதிர்பார்த்தாள். ஆறுதல் சொல்ல நாலு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தாள். வேலுத்தாய் அழவில்லை. எழுந்துபோய்க் கஞ்சிப் பானையைத் துணி பிடித்து இறக்கினாள். ஒரு வாய் அகன்ற சட்டியில் ஊற்றி ஆறவிட்டாள். பிறகு இரண்டு பெண்களும் அந்தச் சட்டிக்கு இருபக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். வேலுத்தாய் அவ்வப்போது புறங்கையை ஆவியில் காட்டினாள். இன்னும் இல்லை என்று தலையாட்டினாள். சந்திரவல்லி அந்த நேரத்தில் தெருவில் நடந்த ஏழு விஷயங்களைச் சொல்லி முடித்தாள். கடைசியில் வேலுத்தாய் கையை எடுத்துவிட்டு, “இப்பக் கொண்டா” என்றாள். சந்திரவல்லி பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பால்பாண்டி அடுத்த தடவை வந்தபோது விஷயத்தைக் கேட்டு வாயைப் பிளந்தான். கோழித் தீவனத்தை யாராவது காய்ச்சுவார்களா என்று ஆரம்பித்தவன், சின்னச்சாமி குடித்த கதையைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டான். குடித்தவருக்கு எப்படி இருந்தது என்று ரகசியமாக விசாரித்தான். கஞ்சியே வேண்டாம், உலர்ந்தபடி போட்டாலே போதும் என்றும் சொன்னான். வேலுத்தாய் கேட்கவில்லை. மார்கழிக் குளிரில் வெறும் மாவா? ஆறின கஞ்சிதான் என்றாள். அந்த அளவில் கோழிகளும் பொடியும் அவளோடு ஒத்துப்போயின. முதலில் தரை இறுகியது. பிறகு கண் எரிச்சல் போனது. பிறகு ஒருநாள் காலையில் வெள்ளையாக, அழுக்கில்லாமல், கழுவி வைத்த மாதிரி முட்டை கிடந்தது. அன்றைக்கு இரண்டு, அப்புறம் கை கொள்ளாமல். காசிமாயன் வேலிச்சந்து முள்ளை எடுத்துப்போட்டான். அடுப்பெரிக்க முள் வேண்டியிருந்தது என்றான். சந்திரவல்லி பெரிய மனசு பண்ணி அதை நம்பினாள்.

ஆனால் ராக்கையாவிடம் சொன்ன சொல்லை அவன் திருப்பி வாங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும், இந்தப் பொடி எத்தனை நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். தை பிறந்தது. கம்பளியும் வெயிலிலிருந்து உள்ளே போய்விட்டது. மடித்து வைத்தார்களா, மூட்டை கட்டினார்களா என்பது சந்து வழியாகத் தெரியவில்லை. பொன்னுமணியைக் கேட்டால், அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது என்றது.

மாட்டுக்குக் கட்டிய பொங்கல் மாலை வாடி, கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில் ஜீப்பு வந்தது. உள்ளே தலையில் துணி கட்டிய பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக அடைந்திருந்தார்கள். சந்திரவல்லி அதற்கு முன்பே கோலம் போட்டு முடித்திருந்தாள். ஜீப்புச் சத்தம் கேட்டதும் அதை அழித்துவிட்டு மறுபடி புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

வேலுத்தாய் வெளியே வந்தாள். கையில் அந்தக் கம்பளி, பெரிய மூட்டையாக. பின்னால் பொன்னுமணி. சந்திரவல்லியின் கையிலிருந்து கோலமாவு ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

வேலுத்தாய் மூட்டையை ஜீப்பில் இருந்த ஒரு பெண்ணின் மடியில் பதனமாக இறக்கினாள். முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். தட்டுக்கு மேல் தட்டாக முட்டை. வளைவுகளில் ஆடி உடையாமல் இருக்கச் சுற்றிலும் கம்பளி. மறுபடி முடிச்சுப் போட்டாள். காசிமாயன் இன்னொரு தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“நீ கேறலயா?” என்றார் ராக்கையா. மலையாளம் பேசுகிற தோட்டத்தில் பாதி ஆயுசு போனதால் ஏறுவதை அவர் கேறுவது என்பார். “வேகம் கேறு. வெளிச்சம் வந்துருச்சு.”

வேலுத்தாய் ஜன்னல் பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னாள். அந்தச் சமயம் பார்த்து டிரைவர் ஜீப்பை ஒரு உறுமு உறுமவிட்டான். ராக்கையா ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு பெண்கள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். காசிமாயன்கூடத் தரையைப் பார்த்துச் சிரித்தான். ஜீப்பு முட்டையை ஏற்றிக்கொண்டு முந்தல் பக்கம் திரும்பியது.

சந்திரவல்லி புள்ளிகளையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“என்னா சொன்ன? அந்தாளுகிட்ட என்னா சொன்ன?”

வேலுத்தாய் மகளின் தோளில் கையைப் போட்டபடி கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

“கஞ்சி ஆறிருக்கும் மதினி. வெரசாப் போகணும்” என்றாள்.

அன்று உச்சி வெயிலுக்குள் வேலுத்தாய் கங்காணியிடம் சொன்னது தெருவெல்லாம் பரவிவிட்டது. மூன்று விதமாகப் பரவியது. மூன்றும் சந்திரவல்லி சொன்னதுதான்.